அராஷியின் 5×20: நான்கு சிடி போதுமா, டிவிடி சேர்ந்தது வேண்டுமா, ஸ்ட்ரீமிங்கே போதுமா?

டோக்கியோவில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும்போது பெட்டிக்குள் எது போகும், எது போகாது என்று ஒரு வாரம் தரையில் பரப்பிவைத்துப் பார்த்தேன். சோறு வடிக்கும் குக்கரைப் பக்கத்து அறைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அது 100 வோல்ட்டில் ஓடுவது, இங்கே செருகினால் புகைதான் வரும். குளிருக்கு வாங்கிய தடித்த கோட்டும் போயிற்று. அராஷி என்ற ஜப்பானியப் பாட்டுக் குழுவின் '5×20 ஆல் தி பெஸ்ட்!! 1999-2019' தொகுப்பு மட்டும் இரண்டு வேட்டிகளுக்கு நடுவே சுற்றப்பட்டு வந்து சேர்ந்தது. நான்கு சிடி, 64 பாட்டு.

அதை வாங்குவதற்கு முன் நான் யோசித்த யோசனை கொஞ்சநஞ்சமல்ல. ஒரே பாட்டுகள்தான், ஆனால் அவற்றைக் கேட்க ஐந்து வழி இருந்தது. டிவிடி இல்லாத சாதாரணப் பதிப்பு, டிவிடி சேர்ந்த முதல் அச்சுச் சிறப்புப் பதிப்பு (இதிலேயே இரண்டு வகை), 2009-இல் வந்த பத்தாண்டு நிறைவுத் தொகுப்பு, பாட்டுக் காணொளிகள் மட்டும் உள்ள புளூரே, கடைசியாக ஸ்ட்ரீமிங். நான் எடுத்தது முதலாவது. இன்னொரு முறை வாங்க நேர்ந்தாலும் அதையேதான் எடுப்பேன். அதனால் இதை நடுநிலைத் தீர்ப்பு என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

அராஷி என்றால் புயல். ஓனோ சதோஷி, சகுராய் ஷோ, ஐபா மசாகி, நினொமியா கசுனாரி, மட்சுமோதோ ஜுன் என்று ஐந்து பேர். 1999 செப்டம்பரில் ஹவாயில் ஒரு கப்பலில் வைத்து அறிமுகம் செய்தார்கள். நவம்பர் 3-ஆம் தேதி முதல் சிடி. அந்த வருட உலகக் கோப்பை வாலிபால் போட்டிக்கான பாட்டு அது. அப்போது மூத்தவர் ஓனோவுக்கு 18 வயது, இளையவர் மட்சுமோதோவுக்கு 16. ஐந்து பேர், இருபது வருடம், ஆகவே 5×20. 2019 ஜனவரியில், அடுத்த வருடக் கடைசியோடு ஓய்வெடுக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். ஐந்து மாதம் கழித்து ஜூன் 26-இல் இந்தத் தொகுப்பு வந்தது. முதல் வாரத்திலேயே 13 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த வருடம் உலகிலேயே அதிகம் விற்ற ஆல்பம் இதுதான் என்று இசை நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஐஎஃப்பிஐ அறிவித்தது. 33 லட்சம் பிரதிகள். டெய்லர் ஸ்விஃப்ட்கூட அடுத்த இடத்தில்தான். பிரிவு வருகிறது என்று தெரிந்தபின் விற்ற தொகுப்பு என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

முதலில் சுலபமாகக் கழிக்கக்கூடியது 2009-இன் '5×10'. அந்த வருடம் ஜப்பானில் மிக அதிகம் விற்ற ஆல்பம் அது. அதனாலேயே பழைய சிடிக் கடைகளில் எங்கு பார்த்தாலும் கிடக்கும், சில்லறைக் காசுக்கு எடுக்கலாம். அதன் சிறப்புப் பதிப்பில் உறுப்பினர்களே தேர்ந்தெடுத்த பாட்டுகள் கொண்ட மூன்றாவது சிடி உண்டு, அதில் ஒரு தனிச் சுவை இருக்கிறது. ஆனால் கணக்கு 2009-இல் நின்றுவிடுகிறது. 2010-இன் 'மான்ஸ்டர்' இல்லை, யமஷிதா தட்சுரோ இசையமைத்த 2016-இன் 'ஃபுக்கட்சு லவ்' இல்லை. பாதிக் கதைக்கு ஒரு பெட்டி, மீதிக்கு இன்னொரு பெட்டி என்று என்னால் தூக்கிவர முடியாது.

ஸ்ட்ரீமிங்கை அப்படித் தள்ளிவிட முடியவில்லை. பல காலம் இந்தக் குழுவின் பாட்டுகள் இணையத்தில் முறைப்படி கிடைக்கவே கிடைக்காது. அவர்களின் நிறுவனம் சிடியைத்தான் நம்பியது, படத்தைக்கூட இணையத்தில் போடத் தயங்கியது. 2019 அக்டோபரில்தான் யூடியூபில் அதிகாரபூர்வப் பக்கம் திறந்தார்கள். நவம்பர் 3-ஆம் தேதி, சரியாக இருபது வருடம் நிறைந்த நாளில், சிங்கிள் பாட்டுகளை மொத்தமாக ஸ்ட்ரீமிங்கில் இறக்கினார்கள். அன்றே 'டர்னிங் அப்' என்ற புதுப் பாட்டையும் இணையத்தில் வெளியிட்டார்கள். ஜூனில் வந்த சிடியில் அது எப்படி இருக்கும்? 2020-இல் வந்த 'கைட்டோ'வும் இல்லை. ஆக, முழுமை வேண்டும் என்றால் ஸ்ட்ரீமிங்குக்குத்தான் ஒரு புள்ளி கூடுதல். பஸ்ஸில் போகும்போது நானும் அதில்தான் கேட்கிறேன்.

அப்புறம் ஏன் சிடி? இருபது வருடம் இணையத்தில் போட மாட்டோம் என்று பிடிவாதமாக இருந்தவர்கள் ஒருநாள் போட்டார்கள். போட்டவர்களுக்கு எடுக்கவும் தெரியும். எடுப்பார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் முடிவு அவர்கள் கையில், என் சந்தா கையில் இல்லை. இன்னொரு காரணம் வரிசை. இந்தத் தொகுப்பு பாட்டுகளை வெளியான வரிசையிலேயே அடுக்கியிருக்கிறது. முதல் சிடியைப் போட்டால் இன்னும் முற்றாத குரல்கள், சகுராயின் அவசரமான ராப். தங்களுக்கென்று ஜே ஸ்டார்ம் என்ற இசை வெளியீட்டு லேபிள் தொடங்கிய பிறகு 2002-இல் வந்த முதல் பாட்டை ஒற்றை நாணயத்துக்கு, அதாவது 500 யென்னுக்கு விற்றார்கள். அதுவும் அங்கேயே இருக்கிறது. பிறகு 2007-இன் 'லவ் ஸோ ஸ்வீட்' வரும். அலுவலக ஆண்டிறுதி விருந்துக்குப் பிறகு கரோக்கே போனால் யாராவது ஒருவர் கட்டாயம் பாடுவது. அந்த இடத்தில் தொகுப்பின் சூடு ஏறுவது காதுக்கே தெரியும். நான்காவது சிடியின் முடிவில் முப்பதைத் தாண்டிய ஐந்து பேரும் தாங்களே வரிகள் எழுதிய '5×20'. ஸ்ட்ரீமிங்கிலும் இதே வரிசையில் பொறுமையாகக் கேட்கலாம்தான். நான் கேட்டதில்லை. மூன்றாவது பாட்டிலேயே விரல் வேறெங்கோ போய்விடும்.

இதெல்லாம் ரசனை. என் முடிவைத் தீர்மானித்தது வேறு, அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது ரீஜியன் கோடு, அதாவது வட்டு எந்த வட்டாரத்தில் ஓடலாம் என்று போடும் பூட்டு.

டோக்கியோ போன முதல் வருடம் வேறொரு குழுவின் கச்சேரி டிவிடி ஒன்றை ஆசையாக வாங்கி, விடுமுறைக்கு மதுரைக்குக் கொண்டுவந்தேன். வீட்டிலிருந்த பிளேயரில் போட்டால் வட்டு சுற்றுகிறது, நிற்கிறது, 'இந்த வட்டாரத்துக்கானது அல்ல' என்று ஒரு வரி. அம்மா, "சாமான் உடஞ்சு போச்சாடா?" என்று கேட்டார். உடையவில்லை. உலகை டிவிடிக்காரர்கள் பங்கு போட்டுவைத்திருக்கிறார்கள். ஜப்பான் 2-ஆம் வட்டாரம், இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3. ஜப்பானுக்கென்று பூட்டிய டிவிடியை இங்கே விற்கும் பிளேயர் விதிப்படி ஓட்டக் கூடாது. புளூரேயில் எண்ணுக்குப் பதில் எழுத்து. ஜப்பான் ஏ, இந்தியா சி. சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ-யில் வருவதால் அங்கிருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கையான நிலைமை: அதே ஜப்பானிய நிகழ்ச்சியின் டிவிடி ஓடாமல் போகலாம், புளூரே ஓடும். அங்கிருந்து படிக்கிறவர்கள் நான் சொல்வதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு புளூரே பக்கம் போகலாம், தப்பில்லை.

கணினியில் பார்த்துக்கொள்ளலாமே என்றால், கணினி டிவிடி டிரைவிலும் இந்தப் பூட்டு உண்டு. வட்டாரத்தை ஐந்து முறைதான் மாற்ற விடும். ஐந்தாவது மாற்றத்தில் எதை வைத்தீர்களோ அங்கேயே நின்றுவிடும். வீட்டில் ஒரு தமிழ்ப்பட டிவிடி, ஒரு ஜப்பானிய டிவிடி என்று மாறி மாறிப் பார்த்தால் ஐந்து தடவை தீர எத்தனை நாள் ஆகும்? எந்த வட்டையும் ஓட்டும் பிளேயர்கள் நம்மூரில் நிறைய உலவுகின்றன என்பதும் உண்மை. உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். ஆனால் அந்தப் பிளேயர் பழுதானால் அடுத்தது எப்படியோ.

எல்லா ஜப்பானிய வட்டும் பூட்டியே வரும் என்பதும் இல்லை. டிவிடியின் பின்னட்டையில் சின்னதாக ஓர் உலக உருண்டைக் குறி இருக்கும். அதற்குள் 2 என்று இருந்தால் ஜப்பான் வட்டாரம், 'ஆல்' என்று இருந்தால் எங்கும் ஓடும். வாங்கும் முன் அதைத் திருப்பிப் பாருங்கள். இணையத்தில் பழையது வாங்குகிறவர்கள் பின்னட்டைப் படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சிடிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 1982-இல் ஜப்பானில் முதல் சிடி விற்பனைக்கு வந்த காலத்தில் இப்படிப் பூட்டும் எண்ணம் யாருக்கும் தோன்றவில்லை போலும். டோக்கியோவில் வாங்கியது மதுரையில் சித்தப்பாவின் பழைய டேப்-சிடி செட்டிலும் பாடியது, காரிலும் பாடியது. எண்ணூறு ரூபாய் யூஎஸ்பி சிடி டிரைவில் போட்டு நான்கையும் கணினியில் ஏற்றி வைத்தாயிற்று. குக்கருக்கு இருந்த 100 வோல்ட் பிரச்சினை இதற்கு இல்லை, அவ்வளவுதான்.

சிறப்புப் பதிப்புகள் இரண்டிலும் அதே நான்கு சிடியோடு ஆளுக்கொரு டிவிடி வரும். கூட வேலை பார்த்த ஒரு சக ஊழியரின் வீட்டில் ஒரு மாலை அதைப் பார்த்தேன். படம் அழகாக இருந்தது, அவர் அதைப் பெட்டியிலிருந்து எடுத்த விதமே பூஜைச் சாமான் எடுப்பது மாதிரி இருந்தது. ஒரு மாலையில் பார்த்ததை வைத்து அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஜப்பானிலேயே இருக்கப் போகிறவர், அல்லது சேகரிப்பாக வைக்கிறவர் என்றால் அதுவே சரி. என்னைப் போல் பெட்டி கட்டுகிறவருக்கு, கூடுதல் காசு கொடுத்து வாங்கும் அந்த ஒரு வட்டுதான் எல்லை தாண்டினால் ஊமையாகிவிடக்கூடிய வட்டு.

பிறகு விற்றுவிடலாமே என்றால், அங்கேயும் கணக்கு உதைக்கிறது. ஜப்பானில் புது சிடியின் விலை எல்லாக் கடையிலும் ஒன்றுதான். வெளியீட்டாளர் வைத்த விலையைக் குறிப்பிட்ட காலம்வரை கடைக்காரர் குறைக்க முடியாது, அந்தத் தேதியை உறையிலேயே அச்சடித்திருப்பார்கள். அதனால் புதிதாக வாங்கும்போது பேரத்துக்கு இடமில்லை. பழையதாகிவிட்டால் கதை வேறு. லட்சக்கணக்கில் விற்ற சிடி லட்சக்கணக்கில் பழைய கடைக்கும் வரும். எனவே 5×20-ஐ முதலீடாக நினைத்து யாரும் வாங்க வேண்டாம். ஆனால் வாங்குகிறவருக்கு இதே விஷயம் லாபம். நான் எடுத்ததே பழையதுதான், முதுகில் சுற்றியிருக்கும் ஓபி காகிதப்பட்டை உட்பட கீறலில்லாமல் கிடைத்தது. சிறப்புப் பதிப்பைப் பழையதாக வாங்கினால் உள்ளே இருக்க வேண்டிய புத்தகம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். வேறொரு தொகுப்பில் நான் எண்ணாமல் வாங்கி, வெறும் அட்டையோடு வீடு வந்த கதை உண்டு.

புளூரேயை மறக்கவில்லை. '5×20 ஆல் தி பெஸ்ட்!! கிளிப்ஸ் 1999-2019' அதே வருடம் அக்டோபர் 16-இல் டிவிடியாகவும் புளூரேயாகவும் வந்தது. பாட்டுக் காணொளிகள் வரிசையாக. நடனம்தான் இந்தக் குழுவின் பாதி, ஓனோ ஆடுவதைக் காதால் கேட்க முடியாது. அந்த வகையில் சிடி வாங்கியவன் பாதியை விட்டவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யூடியூபில் கொஞ்சம் இலவசமாகவே பார்க்கலாம் என்பதால் அந்தப் பசி அடங்கிவிடுகிறது. நல்ல பெரிய டிவி வைத்திருப்பவர்கள், வீட்டில் ஆடும் பிள்ளைகள் உள்ளவர்கள், இந்தப் பட்டியலில் இதை முதலில் வைக்கலாம்.

2025 மே மாதம், 2026 வசந்தகாலச் சுற்றுப்பயணத்தோடு குழுவின் பயணத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தார்கள். கடந்த முறை இப்படி ஓர் அறிவிப்புக்குப் பிறகு கடைகளில் என்ன நடந்தது என்று நினைவிருப்பதால், இன்னும் ஜப்பானில் இருக்கும் அந்தச் சக ஊழியரிடம் கிளிப்ஸ் புளூரே பழையது கண்ணில் பட்டால் பின்னட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வட்டாரக் குறியில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் காசு அனுப்புவேன்.