அடியாத மாடு படியாது என்பார்கள், நாய்க்குட்டி?

பாண்டி எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் ஹால் நடுவில் மூத்திரம் போய் வைத்திருந்தான். அன்று பார்த்து உசிலம்பட்டியிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். பேப்பரைச் சுருட்டி என் கையில் கொடுத்து, "மூக்கை அதுல வச்சுத் தேச்சு ரெண்டு போடு போடு தம்பி. நாளைக்கு இந்தப் பக்கமே வராது. அடியாத மாடு படியுமா?" என்றார்.

சித்தப்பா தெரியாமல் பேசுகிறவர் இல்லை. தாத்தா காலத்திலிருந்தே ஊரில் எங்கள் வீட்டில் நாய் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது மயிலை என்று ஒரு சிப்பிப்பாறை நாய் இருந்தது. அதட்டலிலும் அடியிலும் வளர்ந்த நாய் அது. பாண்டி தெப்பக்குளத்துப் பக்கம் கிடைத்த தெருக்குட்டி. அவனைத் தீனி கொடுத்து, பாராட்டிப் பழக்கினேன். இப்போது அவனுக்கு ஒன்றரை வயது. இரண்டு வழியையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில், எது எங்கே பலித்தது, எது எங்கே சறுக்கியது என்று எழுதுகிறேன். புதிதாகக் குட்டி எடுத்தவர்களுக்கு இது உதவும்.

மூத்திரப் பிரச்சினை

அன்று நான் சித்தப்பா சொன்னபடிதான் செய்தேன். பேப்பரால் ஒரு தட்டு. மறுநாள் ஹால் காய்ந்து கிடந்தது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கட்டிலுக்கு அடியில் நாற்றம் வந்தது. அதைவிடச் சங்கடம், கொல்லைப்புறம் கூட்டிப்போனாலும் நான் பக்கத்தில் நின்றால் அவன் போவதே இல்லை. அடக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்து, மறைவிடம் தேடிப் போவான். 'இந்த ஆள் பார்க்கும்போது போனால் அடி விழும்' என்பதுதான் அந்தத் தட்டிலிருந்து அவன் படித்த பாடம். தரையைப் பற்றி அவன் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

நாய் எப்படிக் கற்கிறது என்பதை இந்த ஒரு விஷயத்திலேயே புரிந்துகொள்ளலாம். ஒன்றைச் செய்த கையோடு, அடுத்த ஓரிரு நொடிக்குள் என்ன நடக்கிறதோ அதைத்தான் குட்டி அந்தச் செயலோடு முடிச்சுப் போடும். பத்து நிமிஷம் கழித்து மூக்கைத் தேய்த்தால், எதற்கு என்று அதற்கு விளங்காது. "இல்லையே, தப்புச் செஞ்ச முகத்தோட பம்முதே" என்பார்கள். 2009-ல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தப்பே செய்யாத நாயும் எஜமான் திட்டினால் அதே முகத்தைக் காட்டியது. பம்முவது நம் குரலைக் கேட்டு. ஹாலில் கிடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்புறம் வழியை மாற்றினேன். குட்டிக்கு எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் அது அதிகபட்சம் அடக்க முடியும் என்று ஒரு கணக்கு உண்டு. இரண்டு மாதக் குட்டி என்றால் மூன்று மணி நேரம், அதுவும் தூங்கும்போது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினேன். ராத்திரியும் அலாரம் வைத்து ஒரு தடவை எழுந்தேன். தரையை மோந்துகொண்டே வட்டமடிக்க ஆரம்பித்தால் இன்னும் அரை நிமிஷம்தான் நமக்கு. மரத்தடியில் அவன் முடித்த அந்த நொடியே "சபாஷ்" என்று சொல்லி, வேகவைத்த கோழி ஈரலில் நகக்கண் அளவு துண்டு. உள்ளே வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கூலியாகிவிடும், அங்கேயே கொடுக்க வேண்டும். உள்ளே போய்விட்டால் திட்டாமல் துடைத்துவிட்டேன். ஃபினாயிலை நிறுத்திவிட்டு வினிகர் கலந்த தண்ணீருக்கு மாறினேன். ஃபினாயில் ஊற்றிய தரையைக் குட்டி நக்கினால் ஆபத்து.

மூன்று வாரம் ஆயிற்று. அடி ஒரே நாளில் பலித்ததுபோலத் தெரியும், இதற்கு மூன்று வாரம் தூக்கம் கெடும். ஆனால் அந்த மூன்று வாரத்தோடு அந்தக் கதை முடிந்தது.

கடி

குட்டிக்கு 28 பால் பற்கள். நாலாம் மாதவாக்கில் விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் வந்துவிடும். அதுவரை கை, வேட்டி நுனி, செருப்பு எல்லாம் அதன் வாய்க்குள்தான். ஊரில் மூக்கில் ஒரு சுண்டு சுண்டுவார்கள், உறுமினால் கம்பு. மயிலை சீக்கிரமே உறுமுவதை விட்டுவிட்டது. நல்ல நாய் என்று எல்லோரும் மெச்சினோம். ஒருநாள் கஞ்சிச் சட்டியில் வாய் வைத்திருந்தபோது சித்தப்பா மகன் பக்கத்தில் போனான். ஒரு சத்தம் கிடையாது, நேராகக் கையைக் கவ்விவிட்டது. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு ஊசி போட ஓடினோம். உறுமல் என்பது 'கிட்டே வராதே' என்று நாய் கொடுக்கும் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால் எச்சரிக்கை போய்விடும், கோபம் அப்படியே உள்ளே இருக்கும். இது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

பழைய முறையில் ஒரு பெரிய நன்மையும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஊர்க் குட்டிகள் மாட்டுக்கொட்டகையில் தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் மாதக்கணக்கில் கிடக்கும். ஓங்கிக் கடித்தால் எதிர்க்குட்டி கத்திக்கொண்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவு அங்கேயே பழகிவிடும். பாண்டி தனியாக வந்தவன், அந்த அளவே அவனுக்குத் தெரியாது. பல் அழுந்தியதும் நான் பேசாமல் எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிடுவேன். அரை நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து, கடிக்க ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்ததைக் கொடுப்பேன். வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும். ஒருவர் கையை ஆட்டி விளையாட்டுக் காட்டினால் போச்சு. அப்பத்தாவைச் சம்மதிக்க வைக்கத்தான் எனக்கு அதிக நாளானது.

கேட்டில் குரைப்பது

பால்காரர் காலை ஐந்தரைக்கு வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் எப்படியும் போகிறவர்தான். நாயின் கணக்கில் அது தினமும் ஜெயித்த சண்டை. நாம் உள்ளேயிருந்து கத்தினால், நாமும் சேர்ந்து குரைப்பதாகவே அதற்குப் படும். சைக்கிள் மணி கேட்டதுமே, குரைக்க வாயெடுப்பதற்கு முன், பொறைத் துண்டைப் போட்டுப் பழக்கினேன். இதில் எனக்குப் பாதி வெற்றிதான். பால்காரரைப் பார்த்து வாலாட்டுகிறான், கூரியர்காரரை இன்னும் விடுவதில்லை. காவலுக்கு நாய் வேண்டும் என்பவர்கள் குரைப்பை முழுக்க அடக்கவும் கூடாது. இரண்டு குரைப்பு, அப்புறம் "போதும்" என்றால் நிறுத்துவது எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

கட்டிப்போடுவது

அடித்து வளர்த்தும் மயிலை ஏன் நன்றாக இருந்தது என்று யோசித்தால், எனக்குப் பதில் கம்பில் இல்லை. அதற்குக் காடு இருந்தது. காலையில் ஆட்டோடு போய்ச் சாயங்காலம் வரும், செயின் ராத்திரியில் மட்டும்தான். மதுரைக்குள் வந்த நாம் அந்தக் காட்டை விட்டுவிட்டோம், கம்பையும் செயினையும் மட்டும் கொண்டுவந்துவிட்டோம். மாடிப்படிக்கு அடியில் நாள் முழுக்கக் கட்டிக்கிடக்கிற நாய் குரைக்கும், தோண்டும், கடிக்கும். அதைக் 'கெட்ட நாய்' என்பது அநியாயம். 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி, எப்போதும் கட்டிவைத்த நாயை நடக்கக் கூட்டிப்போகாமல் விடுவதே குற்றம்.

நடக்கக் கூட்டிப்போவது காலை ஆறரைக்குள் முடிந்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள். நம்மால் வைக்க முடியவில்லை என்றால் நாய் உட்கார்ந்துகொள்வது பிடிவாதம் இல்லை, பாதம் சுடுகிறது.

பயிற்சிக்கு அனுப்புவது

மூன்றாவதாக, ஒரு மாதம் நாயைக் கொண்டுபோய் விடுகிற வழியும் இருக்கிறது. நண்பர் ஒருவர் அப்படி விட்டார். திரும்பி வந்த நாய் பயிற்சியாளர் சொன்னால் உட்கார்ந்தது, நண்பர் சொன்னால் வேறு பக்கம் பார்த்தது. பழகியது அந்த ஆளோடும் அந்த இடத்தோடும்தானே. வீட்டு ஆட்களையும் சேர்த்து நிற்கவைத்துச் சொல்லிக்கொடுப்பவர் கிடைத்தால் பணம் கொடுக்கலாம். "நீதான் தலைவன்னு காட்டணும்" என்று குட்டியை மல்லாத்தி அழுத்துகிறவரிடம் விடாதீர்கள். கூண்டு ஓநாய்களைப் பார்த்துச் சொன்ன பழைய கதை அது. ஒரு காலத்தில் அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஓநாய் ஆராய்ச்சியாளரே, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-ல் எழுதிவிட்டார்.

கூப்பிட்டால் வருவது

இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. "தோ தோ" என்றால் மயிலை வரும், ஆனால் பத்தடி தள்ளி நின்றுகொள்ளும். வாலைக் காலிடுக்கில் வைத்து, கையில் கம்பு இருக்கிறதா என்று பார்க்கும். கூப்பிட்டு அடித்த வீடு அல்லவா. பாண்டியை நான் ஒருநாளும் கூப்பிட்டுத் திட்டியதில்லை. குளிப்பாட்டவோ மருந்து கொடுக்கவோ வேண்டுமென்றால் நானே அவனிடம் போவேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் நல்லதுதான் நடக்கும், அவ்வளவுதான் விதி. ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் ஈரல், அப்புறம் நாலைந்து தடவைக்கு ஒன்று, மற்ற நேரம் தடவிக்கொடுப்பது. தீனி இருந்தால்தான் கேட்கும் என்று சித்தப்பா சொன்ன குறை, தினமும் கொடுத்தே நிறுத்தாதவர்களுக்குப் பொருந்தும்.

போன தீபாவளிக்கு முதல்நாள் ராத்திரி யாரோ கேட்டைத் திறந்து வைத்துவிட்டார்கள். வெடிச்சத்தத்தில் மிரண்டு பாண்டி மெயின் ரோட்டுப் பக்கம் ஓடினான். லாரி வெளிச்சம் தெரிகிறது. துரத்தினால் இன்னும் ஓடுவான் என்று நின்ற இடத்திலேயே குத்தவைத்து, "பாண்டி, வாடா" என்றேன். திரும்பிப் பார்த்தான், வந்து மடியில் விழுந்தான், உடம்பெல்லாம் நடுக்கம். கையில் அப்போது ஒன்றுமே இல்லை. வீட்டுக்குள் தூக்கிவந்த பிறகுதான் ஃப்ரிட்ஜைத் திறந்து ஈரல் எடுத்துக் கொடுத்தேன்.