தெருவில் ஓடுவதா, செயலியை வைத்து ஓடுவதா?

2020 அக்டோபர் 4 அன்று லண்டன் மாரத்தான் பொதுமக்களுக்கு மெய்நிகராகத்தான் நடந்தது. தூரம் அதே 42.195 கிலோமீட்டர்; அவரவர் ஊரில் ஓடி, தூரத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிந்து, 24 மணி நேரத்துக்குள் முடித்தால் சரி.

வழக்கமான பந்தயத்தில் லண்டன் டவர் பாலத்தில் பார்வையாளர்கள் எழுப்பும் கூச்சலே ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் அதில் இடம் கிடைக்க, பெரும்பாலோருக்குக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். மெய்நிகரில் காலையில் பாதி ஓடி, சாப்பிட்டுவிட்டு மாலையில் மீதியை முடிக்கலாம்.

மெய்நிகருக்கும் கட்டணம் உண்டு. சொந்த ஊரில் சும்மா ஓட எதற்குக் காசு? காசு கட்டியதால்தான் பலர் அன்றைய மழையிலும் ஷூ லேஸைக் கட்டியிருப்பார்கள் என்பேன். அப்புறம் தபாலில் பதக்கம்! உறையைக் கிழித்து, கண்ணாடி முன் நின்று தானே கழுத்தில் மாட்டிக்கொள்வது கொஞ்சம் வேடிக்கைதான்.

எனக்கென்னவோ கூச்சல்தான் வேண்டும். குலுக்கலில் விழாத வருஷம் செயலி போதும்.