முப்பது நொடிக்குள் அவசரப்படாத ஆல்பங்கள்

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 நொடியைத் தாண்டினால்தான் அது ஒருமுறை கேட்கப்பட்டதாகக் கணக்கில் ஏறும். அதற்கு முன்னால் தள்ளிவிட்டால் பாடியவருக்கு ஒன்றும் கிடையாது. இப்போது வரும் பாட்டுகளில் முன்னிசை சுருங்கி, குரல் எடுத்த எடுப்பிலேயே வந்துவிழுவதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கணக்கு தலைக்கு மேல் தொங்கும்போது பாட்டு எழுதுகிறவர் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்.

2024-இல் வந்த இண்டி, ஆல்டர்நேட்டிவ் (வெகுஜனப் பாப் பாதையிலிருந்து விலகிய ராக் வகை) ஆல்பங்களில் இன்னமும் என் கூடவே இருப்பவை பெரும்பாலும் அந்த நடுக்கம் இல்லாதவை. வந்த வாரமே விமர்சனம் எழுதுவது எனக்குச் சரிப்படாது. ஆல்பத்தைக் கொஞ்சகாலம் பழகவிட்டு, முதல் பரபரப்பு அடங்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் எழுதுவேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறவள். எதைப் போட்டாலும் என் காது முதலில் அடியில் என்ன ஓடுகிறது என்றுதான் தேடும். இங்கே நான் சொல்லும் தீர்ப்புகளில் அந்தச் சாய்வு இருக்கும்.

முதலில் பிரிட்டிஷ் ராக் குழுவான தி கியூர். ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ 2024 நவம்பர் 1 அன்று வந்தது. அதற்கு முந்தைய ஆல்பம் 2008-இல். பதினாறு வருடம் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது எட்டே பாட்டு, 49 நிமிடம். எட்டையும் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் தனியாளாக எழுதியிருக்கிறார். முதல் பாட்டு ‘அலோன்’ ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் அவர் வாயைத் திறக்கவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது.

அந்த மூன்று நிமிடத்தில் என்ன நடக்கிறது? பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ட்ரம்ஸ் நிதானமாக, ஒவ்வொரு அடிக்கும் இடம் விட்டு விழுகிறது. கீபோர்டு மேலிருந்து படிப்படியாக இறங்குகிறது. சைமன் காலப்பின் பேஸ், லேசாகக் கரகரத்த தொனியில், இறங்குகிற கீபோர்டைத் தாங்கிப் பிடிக்கிறது. திரும்பத் திரும்ப அதே சுற்று. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்ன ஒலி கூடுகிறது. ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமே அல்ல. மனசு ராகத்தில் ஊறிய பிறகு வரும் சாகித்யத்தின் முதல் சொல்லுக்கு எவ்வளவு கனம் இருக்குமோ, அவ்வளவு கனத்தோடு ஸ்மித்தின் முதல் வரி வந்து இறங்குகிறது. நாம் பாடுகிற எல்லாப் பாட்டுகளுக்கும் முடிவு இதுதான் என்கிறது அந்த வரி. பாட்டு தொடங்கி பத்தாவது நொடியிலேயே இதைப் பாடியிருந்தால் வெறும் வசனமாகப் போயிருக்கும்.

கடைசிப் பாட்டான ‘எண்ட்சாங்’ இன்னும் துணிச்சல். பத்து நிமிடப் பாட்டு, குரல் வருவதற்குள் ஆறு நிமிடம் போய்விடும். வெளியே இருட்டில் நின்று சிவந்த நிலாவைப் பார்த்தபடி, சின்ன வயசில் தன்னுடையது என்று நினைத்திருந்த உலகம் எங்கே போனது என்று கேட்கிறார். அப்புறம் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தனியாக, கையில் ஒன்றுமில்லாமல் நிற்பதைப் பற்றிப் பாடுகிறார். முதல் பாட்டின் முதல் வரியும் கடைசிப் பாட்டின் கடைசி வரிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஷஃபிளில், அதாவது வரிசையைக் கலைத்துப் போட்டுக் கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது.

நடுவில் ‘ஐ கேன் நெவர் ஸே குட்பை’ இருக்கிறது. ஸ்மித்தின் அண்ணன் இறந்ததைப் பற்றிய பாட்டு. பியானோவில் ஒரு எளிய சொற்றொடர், குழந்தைகூட வாசிக்கக் கூடியது. அதைக் கடைசி வரை அவர் அலங்கரிக்கவே இல்லை. 65 வயதில் அந்தக் குரல் எப்படி இவ்வளவு இளமையாக இருக்கிறது என்று வியந்துகொண்டிருக்கும்போதே இந்தப் பாட்டு வரும், வியப்பு அடங்கிப்போகும்.

குறையும் உண்டு. ‘ட்ரோன்: நோட்ரோன்’ பாட்டில் கிட்டார் அளவுக்கு மீறி அலறுகிறது. பக்கத்தில் இருக்கும் ‘வார்சாங்’ பாட்டும் அதே கனம் என்பதால் ஆல்பத்தின் நடுப்பகுதி மூச்சு விடாமல் அழுத்துகிறது. ஒட்டுமொத்த ஒலிக்கலவையும் அடர்த்தி. மலிவான இயர்போனில் பேஸும் கீபோர்டும் ஒரே கூழாகிவிடும். கொஞ்சம் நல்ல ஹெட்போனோ ஸ்பீக்கரோ இருந்தால் மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் நான் மேலே சொன்ன மூன்று நிமிடம் உங்களுக்கு வெறும் இரைச்சலாகத்தான் படும்.

அடர்த்தி என்பதற்கு நேர் எதிர்த்திசை ஏட்ரியன் லெங்கரின் ‘பிரைட் ஃபியூச்சர்’. பிக் தீஃப் குழுவின் பாடகி, தனியாகச் செய்த ஆல்பம், 2024 மார்ச்சில் வந்தது. காட்டுக்குள் இருக்கும் ஒரு ஸ்டுடியோவில் மூன்று நண்பர்களோடு உட்கார்ந்து, டேப்பில் பதிவு செய்திருக்கிறார். கம்ப்யூட்டரில் ஒட்டி வெட்டிச் சரிசெய்த வழவழப்பு எங்கேயும் இல்லை. வார்த்தைக்கு முன்னால் இழுக்கும் மூச்சு கேட்கிறது, அறையின் காற்று கேட்கிறது.

முதல் பாட்டு ‘ரியல் ஹவுஸ்’. பல்லவி கிடையாது, தாளம் கிடையாது. பியானோ எங்கே போவது என்று தெரியாமல் தயங்கித் தயங்கி வருகிறது. லெங்கர் அம்மாவிடம் பேசுகிற மாதிரி சின்ன வயசு ஞாபகங்களைச் சொல்லிக்கொண்டே போகிறார். வீட்டு நாய் செத்த அன்றுதான் அம்மா அழுவதை முதன்முதலாகப் பார்த்ததாகச் சொல்லும் இடம் வரும். குரல் ஏறுவதில்லை, உடைவதில்லை, ஒரு சங்கதிகூட இல்லை. அந்த வரிக்குப் பிறகு பியானோ விடும் இடைவெளிதான் எல்லாவற்றையும் செய்கிறது. ஒரு ஆல்பத்தைத் திறக்க இதைவிட ஆபத்தான பாட்டு இருக்க முடியாது. விற்க நினைப்பவர் இரண்டாவது பாட்டான ‘சேட்னெஸ் அஸ் எ கிஃப்ட்’ஐத்தான் முதலில் வைத்திருப்பார். வயலினும் கூட்டுக்குரலும் சேர்ந்த, எடுத்ததுமே ஒட்டிக்கொள்ளும் மெட்டு அது. ஆனால் ‘ரியல் ஹவுஸ்’ முடிந்து வருவதால்தான் அந்த மெட்டு ஆறுதலாக இருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் நான் ஒத்துப்போகவில்லை. ‘வாம்பயர் எம்பயர்’ 2023-இல் பிக் தீஃப் தனிப்பாட்டாக வெளியிட்டதுதான். இங்கே அதைக் கலகலவென்று, கட்டுத்தளர்ந்த மாதிரி பாடியிருக்கிறார்கள். எனக்குக் குழுவின் பதிவுதான் பிடிக்கும். பேஸும் ட்ரம்ஸும் அழுத்தும்போது அந்தக் கோபத்துக்குக் காலூன்ற ஒரு தரை கிடைக்கிறது. இங்கே அது காற்றில் போய்விடுகிறது. மற்றபடி ‘டோனட் சீம்’ பாட்டை விட்டுவிடாதீர்கள். தண்ணீரெல்லாம் வற்றிப்போவதற்குள் ஒருமுறை நீந்திவிடலாமா என்று கேட்கிற பாட்டு. காதல் பாட்டாகவும் கேட்கலாம், பூமியைப் பற்றிய பாட்டாகவும் கேட்கலாம்.

நீளமாக இருப்பது வேறு, பொறுமையாக இருப்பது வேறு. இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது அமெரிக்கப் பாடகர் எம்.ஜே. லெண்டர்மனின் ‘மேனிங் ஃபயர்வொர்க்ஸ்’. ஒன்பது பாட்டு, அதில் எட்டு அருமை. ‘ரிஸ்ட்வாட்ச்’ பாட்டில் ஒருவன் தன் கைக்கடிகாரத்தைப் பற்றிப் பெருமையடிக்கிறான். திசைகாட்டி, போன் எல்லாம் அதிலேயே இருக்கிறதாம். அப்புறம் அந்தக் கடிகாரமே அவனிடம் நீ தனியாள் என்று சொல்கிறது. இவ்வளவு சின்னப் பொருளை வைத்து ஒரு ஆளின் மொத்த வெறுமையையும் காட்ட நல்ல சிறுகதைக்காரரால்தான் முடியும். கடைசிப் பாட்டு ‘பார்க் அட் தி மூன்’ பத்து நிமிடம். பாட்டு பாதிக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் வார்த்தையில்லாத ரீங்காரம். அதைப் பொறுமையாகவே கேட்டேன், ஆனால் முன்னால் கேட்ட எதையும் அது மாற்றவில்லை. தி கியூரின் மூன்று நிமிடம் அடுத்து வரும் வரியை மாற்றியது. இந்த ரீங்காரத்தை நீக்கினாலும் ஆல்பம் அப்படியேதான் இருக்கும்.

ஜேம்ஸ் ஃபோர்டு என்ற தயாரிப்பாளர் அதே வருடம் இரண்டு ஆல்பங்களில் கை வைத்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்ல பாடம். ஒன்று, ஐரிஷ் குழுவான ஃபாண்டெய்ன்ஸ் டி.சி.யின் ‘ரொமான்ஸ்’. இது அவசரக்கார ஆல்பம்தான், அதில் எனக்குப் புகாரும் இல்லை. ‘ஸ்டார்பர்ஸ்டர்’ பாட்டில் குழுவின் பாடகர் கிரியன் சாட்டன் மூச்சுத் திணறி இழுக்கும் ஒலி தாளத்தின் ஒரு அங்கமாகவே வருகிறது. லண்டன் செயின்ட் பான்கிராஸ் ரயில் நிலையத்தில் அவருக்கு வந்த பதற்றத் தாக்குதலில் பிறந்த பாட்டு அது. பதற்றத்தைப் பற்றிய பாட்டு பதறத்தான் வேண்டும். கடைசியில் வரும் ‘ஃபேவரிட்’ வெயிலடித்த மாதிரி ஒரு கிட்டார் பாட்டு, குழுவின் பேஸ் அதில் குதித்துக் குதித்து ஓடுவதைக் கேட்கவே தனியாக ஒருமுறை போடலாம்.

இன்னொன்று, போர்ட்டிஸ்ஹெட் குழுவின் பாடகி பெத் கிப்பன்ஸின் ‘லைவ்ஸ் அவுட்குரோன்’. வழக்கமான ட்ரம்ஸ் ஒலி வேண்டாம் என்று டப்பர்வேர் டப்பாவையும் தகரத் தகட்டையும் தட்டியிருக்கிறார்கள், பியானோ கம்பிகளைக் கரண்டியால் அடித்திருக்கிறார்கள். தாளம் எல்லாம் அமுங்கி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற மாதிரி இருக்கும். அதன் மேல் நெருங்கியவர்களை இழந்துகொண்டே வந்த ஒரு பெண்ணின் குரல். நடுத்தர வயசைத் தாண்டுவது பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசும் ராக் ஆல்பம் அதிகம் கிடையாது. ‘ஃப்ளோட்டிங் ஆன் எ மொமெண்ட்’ பாட்டில் குழந்தைகளின் குரல் சேரும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது.

சரி, சிண்டி லீக்கு வருகிறேன். ‘டைமண்ட் ஜூபிலி’ 32 பாட்டு, இரண்டு மணி நேரத்துக்கும் மேல். விமன் என்ற கனடியக் குழுவில் பாடி, கிட்டார் வாசித்த பாட்ரிக் ஃப்ளெகல் சிண்டி லீ என்ற பெயரில், பெரும்பாலான கருவிகளைத் தானே வாசித்துச் செய்தது. 2024 மார்ச் கடைசியில் வந்தபோது ஸ்பாட்டிஃபையில் இல்லை. யூடியூபில் முழுவதும் ஒரே வீடியோவாகக் கிடந்தது, இல்லையென்றால் பழங்காலத்துத் தோற்றத்தில் இருந்த ஒரு இணையப் பக்கத்திலிருந்து கோப்பாக இறக்கிக்கொள்ள வேண்டும், விருப்பப்பட்டால் 30 கனடிய டாலர் தரலாம். விளம்பரம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் பத்துக்கு 9.1 மதிப்பெண் கொடுத்தது, வாய்மொழியாகவே பரவியது. பிறகுதான் இசைத்தட்டாக வந்தது.

அந்த ஒரே வீடியோ என்பது வெறும் பிடிவாதம் இல்லை. அடுத்த பாட்டுக்குத் தாவ வழியில்லாததால் காது மெல்ல இளகுகிறது. ஒலி எப்படியென்றால், 1960-களின் பெண்கள் குழுப் பாட்டுகள் தூரத்து வானொலியில் அலைவரிசை நழுவி நழுவிக் கேட்கும் மாதிரி. கிட்டார் சில இடங்களில் அசிங்கமாகக் கீச்சிடும், உடனே அடுத்த சொற்றொடரில் உருகும். முதல் பாட்டான ‘டைமண்ட் ஜூபிலி’யில் கிட்டாரும் குரலும் ஒன்றையொன்று விட்டுப் பிடித்து வருவதை உன்னித்துக் கேளுங்கள். ஃப்ளெகல் உச்சஸ்தாயியில் பாடும்போது குரலைச் சுற்றி ஒரு மூட்டம் இருக்கும். வார்த்தை பாதிதான் புரியும், ஏக்கம் முழுசாகப் புரியும். ‘டிராகுலா’ பாட்டில் பேஸ் ஒரே இடத்தில் நின்று கிறங்கடிக்கும். இவ்வளவு சுலபமான வரியை இவ்வளவு நேரம் விடாமல் வாசிக்கத் தன்னம்பிக்கை வேண்டும்.

32-உம் தேவையா? இல்லை. இரண்டாம் பாதியில் சில பாட்டுகள் முன்னே வந்தவற்றின் சாயல்தான், ஒரு நாலைந்தைக் குறைத்திருக்கலாம். ஆனால் எந்த நாலைந்து என்று கேட்டால் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் என் பதில் மாறுகிறது. அதனால் இதை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிட வேண்டாம், பாதி காதில் விழாமலே போய்விடும். இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் முதல் 16 பாட்டை மட்டும் வரிசை மாறாமல் கேளுங்கள். பன்னிரண்டாவதாக ‘கிங்டம் கம்’ வரும். அது உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் இரண்டாம் பாதிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. பிடித்துவிட்டால், கேட்பதை அங்கே நிறுத்தமாட்டீர்கள்.