உறைநிலைத் திரவமா, உலர்தூளா?

எம்ஆர்என்ஏ (செல்களுக்குப் புரதம் செய்யும் குறிப்பைத் தரும் ஆர்என்ஏ இழை) தடுப்பூசியை எந்த வடிவில் இருப்பு வைப்பது எனத் தயங்கும் செட்டிநாட்டுச் சிறு மருத்துவமனைகளுக்காக இந்த ஒப்பீடு.

குளிர்: ஃபைசர் நிறுவனக் கோவிட் தடுப்பூசியின் முதல் திரவ வடிவத்தை நீண்டநாள் வைக்க, மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே குளிரூட்டும் உறைபெட்டி வேண்டும்; புனேயில் உருவாகி 2022 ஜூனில் அவசர ஒப்புதல் பெற்ற ஜெம்கோவாக்-19 தூளுக்கு 2 முதல் 8 டிகிரி போதும்.

நிலைப்பு: நீர் உள்ளவரை ஆர்என்ஏ இழை நீராற்பகுப்பால் அறுபட்டுக்கொண்டே இருக்கும் என்பதால்தான் திரவத்துக்குக் கடுங்குளிர் தேவைப்படுகிறது, நீரை அகற்றிய தூளில் அவ்வினை மிகவும் மந்தமாகிறது. சித்திரை வெயிலில் மின்சாரம் தடைப்படும் ஊர்களுக்கு இவ்வேறுபாடே முதன்மையானது (தூளையும் வெளியே வைத்துவிடலாகாது).

எளிமை: இரண்டிலும் ஊசிக்கு முன் நீர்மம் சேர்க்கும் வேலை உண்டு.

உறைபெட்டியும் மின்னாக்கியும் உள்ள மாநகரக் கிடங்குக்குத் திரவம் பொருந்தும். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரச் சிற்றூர்களுக்குத் தூளே ஏற்றது.