மூன்று பழைய சொகுசு செடான்கள், மூன்று வித அமைதி

ஒரு காலத்தில் பெரிய முதலாளிகள் பின்னிருக்கையில் சாய்ந்து போன கார், இன்று ஒரு சின்னப் புதுக் காரின் விலைக்கே கைக்கு வரும். ஆனால் இறங்கியது வண்டியின் விலை மட்டும்தான். வண்டிக்கு வயதாகிவிட்டது என்று அதன் உதிரி பாகங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. யானையைச் சும்மா கொடுத்தாலும் தீனி நாம்தானே போட வேண்டும்!

பழைய சொகுசு செடான் என்றால் நான் முதலில் பார்ப்பது, ஓடும்போது உள்ளே இருக்கும் அமைதியை அது எப்படிச் சம்பாதித்தது என்பதை. முப்பது வருடம் கழித்து எது பழுதாகும் என்பதையும் அதுவே பெரும்பாலும் சொல்லிவிடும். அதற்காகத்தான் 90-களின் மூன்று பெரிய வண்டிகளை அருகருகே நிறுத்திப் பார்க்கிறேன்: மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் (டபிள்யூ140 தலைமுறை), லெக்ஸஸ் எல்எஸ் 400, பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் (ஈ38 தலைமுறை).

மெர்சிடிஸின் வழி, வெளிச் சத்தத்தை வாசலிலேயே நிறுத்துவது. 1991-ல் ஜெனீவா கண்காட்சியில் வந்தபோதே பக்கக் கண்ணாடிகள் இரட்டை அடுக்கு. பல வண்டிகளில் கதவை லேசாகச் சாத்தினால் போதும், மிச்சத்தைக் காற்றழுத்த பம்ப் இழுத்து மூடிக்கொள்ளும். ஆரம்பகால வண்டிகளில் ரிவர்ஸ் கியர் போட்டால் பின் மூலைகளில் இரண்டு மெல்லிய கம்பிகள் எழுந்து நின்று வண்டியின் எல்லையைக் காட்டும். பார்க்கிங் சென்சார் பரவுவதற்கு முன்பு இப்படியும் யோசித்திருக்கிறார்கள்! 600 மாடலில் 6 லிட்டர் வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) எஞ்சின். பின்னிருக்கையில் உட்கார்ந்து போக இந்த மூன்றில் இதற்கு ஈடில்லை.

ஆனால் இந்த அமைதிக்குக் காவல் நிற்பவை எல்லாம் கருவிகள். கருவிகளுக்கு வயதாகும். இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே ஈரம் புகுந்தால் பனி படர்ந்த மாதிரி மங்கிப்போகும். துடைக்க வழியில்லை, கண்ணாடியையே மாற்ற வேண்டும். 90-களின் நடுப்பகுதி வரை வந்த பல வண்டிகளில் எஞ்சின் வயரிங்கின் மேலுறை சூட்டில் காய்ந்து உதிரும். அதன் பிறகு எஞ்சின் எதற்காக அடம்பிடிக்கிறது என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. காற்றைக் குளிர்விக்கும் ஏசி எவாப்பரேட்டர் கசிந்தால் டாஷ்போர்டு முழுவதையும் கழற்றித்தான் ஆக வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்.

டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்ஸஸ் நேர் எதிர் வழியில் போனது. 1983-ல் டொயோட்டாவின் அப்போதைய தலைவர் எய்ஜி டொயோடா தொடங்கி வைத்த திட்டம் 1989-ல் எல்எஸ் 400 ஆக விற்பனைக்கு வந்தது. தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுசுகியின் பிடிவாதம், இரைச்சல் பிறக்கும் இடத்திலேயே அதை அடக்க வேண்டும் என்பது. எஞ்சினிலிருந்து பின் ஆக்சில் வரை சுழலும் தண்டு முடிந்தவரை ஒரே நேர்கோட்டில் வரும்படி அமைத்தார்கள். காற்றுத்தடை எண் (குறைந்தால் நல்லது) 0.29, அன்றைக்கு ஒரு பெரிய செடானுக்கு இது அபூர்வம். பானெட் மேல் ஷாம்பெயின் கோப்பைகளை அடுக்கி, சக்கரங்களை உருளைகள் மேல் ஓடவிட்டு, ஒன்றுகூடச் சரியாததைக் காட்டிய விளம்பரம் வெறும் பகட்டு இல்லை. நன்றாகப் பராமரித்த எல்எஸ் 400 நின்ற இடத்தில் இருக்கும்போது எஞ்சின் ஓடுகிறதா என்று ஆர்பிஎம் முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சத்தமே எழவில்லை என்றால் அதைத் தடுக்கத் தனிக் கருவி எதற்கு? இந்த வண்டி மற்ற இரண்டையும் விட நன்றாக மூப்படைவதற்கு அதுதான் முக்கியக் காரணம் என்பேன். அமெரிக்க கார் விமர்சகர் மேட் ஃபாராவின் 1996 எல்எஸ் 400 பத்து லட்சம் மைலைத் தாண்டியது. அதற்காகக் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். பவர் ஸ்டீயரிங் பம்ப் கசியும். எண்ணெய் கீழே இருக்கும், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மேல் சொட்டி அதையும் சாகடிக்கும். மீட்டரின் ஒளிரும் முட்கள் மங்கும். எஞ்சின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட்டைக் காலத்தில் மாற்றியிருக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். ஆரம்பகால 4 லிட்டர் வி8-ல் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். பிந்தைய விவிடி-ஐ (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளும்) எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே சேதமாகும்.

1994 முதல் 2001 வரை வந்த ஈ38-ஐப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டிப் பார்த்தால் புரிந்துவிடும். சாலையின் செய்தியைக் கொஞ்சம் கைக்கு விடுகிற அமைதி இதனுடையது. மூன்றில் ஸ்டீயரிங் பிடிப்பவருக்காகவே செய்த வண்டி இதுதான். அழகிலும் என் ஓட்டு இதற்கே. கூலிங் அமைப்பின் பிளாஸ்டிக் பாகங்கள் சூடுபட்டு நொறுங்கும். அவற்றைப் பழுதாகும் முன்பே மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது. வி8-ல் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் உடைவதுதான் பர்ஸைக் கிழிக்கும். எஞ்சின் முன்பக்கத்திலிருந்து கரகரப்புக் கேட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

தினமும் ஓட்ட ஒரே வண்டி என்றால், யோசிக்காமல் லெக்ஸஸ். வேறொரு வண்டி வீட்டில் இருந்து, ஞாயிற்றுக்கிழமை ஓட்ட மட்டும் என்றால் பிஎம்டபிள்யூ. மெர்சிடிஸை, பழைய பில்கள் கட்டாக இருந்து, வயரிங் மாற்றியதற்கும் அதில் சீட்டு இருந்தால் மட்டும் தொடுவேன். மீட்டரில் குறைந்த கிலோமீட்டர் காட்டி, வருடக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியை விட, நிறைய ஓடி ஒழுங்காகச் சர்வீஸ் பார்த்த வண்டி எப்போதும் மேல்.

பார்க்கப் போகும் நாளில் எஞ்சினை முன்கூட்டியே ஓடவிட்டு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். கதவு தானாக மூடும் வசதியுள்ள மெர்சிடிஸ் என்றால் நான்கு கதவையும் ஒவ்வொன்றாக லேசாகச் சாத்திவிட்டு ஒரு நொடி பொறுங்கள். தானாக இழுத்து மூடிக்கொள்ளாத ஒவ்வொரு கதவுக்கும் விலையில் பேசிக் குறைக்கலாம்.