கொல்லைப்புறத்தில் கோல்ஃப்: ஏழு வருட அனுபவம்

2018 அக்டோபரில் இந்த வீட்டை வாங்கினோம். தென்மேற்கு ஃப்ளோரிடா, ஃபோர்ட் மையர்ஸுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவே. கேட் போட்ட குடியிருப்பு. உள்ளே 18 ஹோல் (பந்தை விழவைக்க வேண்டிய குழி) கொண்ட கோல்ஃப் மைதானம், கிளப் ஹவுஸ், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. வீட்டை வாங்கினால் கோல்ஃப் மெம்பர்ஷிப்பும் பத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதற்கு முன் நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டது மொத்தமே இரண்டு முறை, அதுவும் அலுவலக விழாவில். பிறகு ஏன் வாங்கினோம்? பின்கதவைத் திறந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சை. நடுவில் ஒரு குளம், அதன் கரையில் ஒரு கொக்கு. என் மனைவி அந்தக் கதவருகே அப்படியே நின்றுவிட்டார். ஏஜென்ட் அதற்குமேல் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை.

இப்போது டாம்பா, ஒர்லாண்டோ பக்கத்து நண்பர்கள் யாராவது அவ்வப்போது போன் செய்து, "அந்த மாதிரி இடத்துல வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி நேரம் பேசி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் மெம்பர்ஷிப் விஷயம். இந்தப் பக்கத்தில் மூன்று வகை உண்டு. எங்களுடையது பண்டில்டு: ஆடினாலும் ஆடாவிட்டாலும் எல்லா வீட்டுக்காரர்களும் மெம்பர், எல்லோரும் கட்ட வேண்டும். இரண்டாவது வகையில் வீடு தனி, கிளப் தனி, வேண்டுமானால் சேரலாம். மூன்றாவது ஈக்விட்டி கிளப். சேரும்போதே பெரிய தொகை கட்டி கிளப்பின் பங்குதாரர் ஆகிவிடுவீர்கள். நேப்பிள்ஸில் பெயர்போன கிளப்புகளில் அந்த நுழைவுத் தொகையே லட்சம் டாலரைத் தாண்டும். "விலகினால் பணம் திரும்பக் கிடைக்கும்" என்று சொல்லும் இடங்களில், எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். புதிதாக இத்தனை பேர் சேர்ந்தால்தான் வரிசையில் இருக்கும் ஒருவருக்குப் பணம் என்று விதி இருக்கும். 2008 சரிவுக்குப் பிறகு அந்த வரிசையில் வருடக்கணக்கில் நின்றவர்கள் உண்டு.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். 2018இல் அசோசியேஷன், அதாவது வீட்டுக்காரர்கள் சங்கத்தின், கட்டணம் ஆண்டுக்கு 6,400 டாலர். 2025இல் 9,700. புல்வெட்டு, காவல், கேபிள், கோல்ஃப் எல்லாம் அதில் அடக்கம். இது போக, கிளப் உணவகத்தில் ஆண்டுக்கு 600 டாலருக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். சாப்பிடாவிட்டாலும் பில் வரும். டிசம்பர் கடைசி வாரத்தில் மீதித் தொகையைத் தீர்க்கக் குடும்பம் குடும்பமாக அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும். அப்புறம் சிடிடி (கம்யூனிட்டி டெவலப்மென்ட் டிஸ்ட்ரிக்ட்) கட்டணம். 1980இல் வந்த ஃப்ளோரிடா சட்டப்படி, சாலை, வடிகால் போடுவதற்கு வாங்கிய கடன் பத்திரத்தை வீட்டுக்காரர்கள் தலையில் பிரித்துப் போடுவார்கள். அசோசியேஷன் பில்லில் அதைத் தேடினால் கிடைக்காது, சொத்து வரி ரசீதில் இருக்கும். எங்களுக்கு ஆண்டுக்கு 1,500 சொச்சம். வீடு பார்க்கும்போது இதை யாரும் தானாகச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கத் தெரியாமல் விட்டுவிட்டோம்.

சென்ற வருடம் நான் ஆடியது 31 ரவுண்டு, அதாவது 31 முழு ஆட்டம். கட்டணத்தில் பாதி கோல்ஃபுக்குப் போகிறது என்று வைத்தால், ஒரு ரவுண்டுக்கு 156 டாலர். மைதானத்தில் ஓட்டிப் போகும் சிறு வண்டியான கார்ட்டின் வாடகை 28 சேர்த்தால் 184. வெளியே பொது மைதானங்களில் இதைவிடக் குறைவாக ஆடியிருக்கலாம். பக்கத்து வீட்டு டெட்ராய்ட்காரர் வருடத்துக்கு 150 ரவுண்டு ஆடுகிறார். அவருக்கு அதே கணக்கு 32 டாலர்தான் வருகிறது. அவருடைய கோல்ஃபுக்கு நான் பாதிச் செலவு செய்கிறேன் என்று அவரிடமே ஒரு நாள் சொன்னேன். "நன்றி" என்றார், ரொம்ப மரியாதையாக.

சரி, பணம் போகட்டும். இந்த இடம் என்ன மாதிரி இடம் என்பது எனக்குப் புரிந்தது 2019 ஜனவரியில், அம்மா வந்திருந்தபோது. அம்மாவுக்குத் துறையூர் பக்கம். பனி ஈரம் காயாத புல்லில் வெறுங்காலோடு நடந்தால் கண்ணுக்கு நல்லது என்பது அவர் சிறு வயதிலிருந்து நம்புவது. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு, சேலையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, பின்பக்கமாக இறங்கி ஃபேர்வேயின், அதாவது பந்தை அடித்துக்கொண்டு போகும் புல்வெளிப் பாதையின், நட்டநடுவில் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் அலுவலக அழைப்பில் இருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தபோது மைதானத்தைக் கண்காணிக்கும் மார்ஷலின் கார்ட் அவரருகே போய் நின்றது. அந்த மனிதர் கையை நீட்டி எங்கள் வீட்டுப் பக்கம் காட்டினார். அம்மா அதை, "வாங்க, கொண்டு போய் விடுறேன்" என்று எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவரும் வேறு வழியில்லாமல் வாசல் வரை ஓட்டி வந்து இறக்கிவிட்டு, என்னிடம் தணிந்த குரலில், ஆட்டம் நடக்கும் நேரத்தில் பந்து தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். நியாயம்தான். ஆனால் மறுநாள் அசோசியேஷனிலிருந்து "முதல் அறிவிப்பு" என்ற தலைப்பில் மின்னஞ்சல் வந்தது.

"நம்ம வீட்டுக்குப் பின்னால இருக்கறது நம்மளது இல்லையாடா?"

"இல்லைம்மா. கிளப்போடது."

"அப்ப மாசாமாசம் எதுக்குப் பணம் கட்டுற?"

"பாக்கறதுக்கும்மா."

அம்மா வெளியே ஒரு முறை பார்த்தார். "இத்தனை புல்லு, மேய ஒரு மாடு இல்ல" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விட்டார்.

அந்தப் புல்லைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. இங்கே இருப்பது பெர்முடா வகை. க்ரீனில், அதாவது குழி இருக்கும் அந்த வழுவழுப்பான பகுதியில், அதை மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுகிறார்கள். கம்பளம்கூட அதைவிடத் தடிமன். ஆட்களும் இயந்திரங்களும் மிதித்து மண் இறுகினால் புல்லின் வேர் மூச்சு முட்டும். அதனால் கோடையில் க்ரீன் முழுக்கத் துளை போட்டு மணல் தூவுவார்கள். அப்போது பல நாட்கள் மைதானம் மூடியிருக்கும், கட்டணம் மட்டும் மூடாது. விடிவதற்கு முன்பே விளக்குப் போட்ட வெட்டு இயந்திரங்கள் வந்துவிடும். படுக்கையறை பின்பக்கம் இருந்தால் உங்களுக்கு அலாரம் தேவையில்லை. பாசனத்துக்குச் சுத்திகரித்த கழிவுநீர். ஊதா நிறக் குழாய் எங்கே தெரிந்தாலும் அந்தத் தண்ணீர் குடிக்கிற தண்ணீர் இல்லை என்று அர்த்தம். வீட்டுக்கு வரும் குழந்தைகளுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான்.

இரண்டாவது பாடம், குளத்தில் முதலை உண்டு என்பது. அநேகமாக எல்லாக் குளத்திலும் உண்டு. தீனி போடுவது சட்டப்படி குற்றம். நான்கு அடிக்கு மேல் வளர்ந்து ஆளை நெருங்க ஆரம்பித்தால் மாநில வனவிலங்குத் துறைக்குச் சொல்லலாம், பிடிப்பதற்கு ஆள் அனுப்புவார்கள். ஏழு வருடத்தில் எங்களுக்குத் தொந்தரவு எதுவும் இல்லை. முதலையைவிடப் பந்துதான் தொந்தரவு.

பந்து விஷயத்தில் ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். வலக்கைக்காரர்களில் சுமாராக ஆடுபவர்கள் அடிக்கும் பந்து பெரும்பாலும் வலப்புறமாக வளைந்து போகும், ஸ்லைஸ் என்பார்கள். இங்கே ஆடுபவர்களில் பெரும்பாலோர் சுமாராக ஆடுபவர்களே, என்னையும் சேர்த்து. ஆகவே அடிக்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 200 கஜ தூரத்தில், ஃபேர்வேயின் வலப்புறம் இருக்கும் வீடுதான் மாட்டிக்கொள்ளும். எங்கள் வீடு சரியாக அங்கே இருக்கிறது. முதல் வருடம் மகன் ஐந்து கேலன் வாளி ஒன்றில் விழுந்த பந்துகளைச் சேர்த்தான். மார்ச் மாதத்துக்குள் வாளி நிறைந்துவிட்டது. இதுவரை மூன்று ஜன்னல், ஆறு கூரை ஓடு, பின்திண்ணை வலையில் எண்ணாத ஓட்டைகள். உடைத்தவர் தானாக வந்து மன்னிப்புக் கேட்டது ஒரே ஒரு முறை. மற்றவர்கள் கார்ட்டை விரட்டிக்கொண்டு அடுத்த ஹோலுக்குப் போய்விடுவார்கள். குடியிருப்பின் பத்திரத்தில், பந்து விழுவதை வீட்டுக்காரர் ஏற்றுக்கொள்கிறார் என்று நாமே கையெழுத்துப் போட்டிருப்போம். இன்சூரன்ஸில் நம் பங்காகக் கட்ட வேண்டிய தொகை ஜன்னல் விலையைவிட அதிகம், அதனால் அந்தப் பக்கம் போவதில் பயனில்லை. இடப்புற வீடு, அல்லது முதல் அடி அடிக்கும் இடமான 'டீ'க்குப் பக்கத்து வீடு பாருங்கள். டீ அருகே பேச்சுச் சத்தம் கேட்கும். பேச்சு ஜன்னலை உடைக்காது.

ஆட்டத்துக்கு வருகிறேன். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடக்கிலிருந்து, குளிருக்குத் தப்பி வரும் ஸ்னோபேர்ட்கள் வந்து இறங்குவார்கள். அந்த ஆறு மாதமும் டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்க நேரம், கிடைப்பது குலுக்கல்தான். வேலைக்குப் போகிறவனுக்குத் தேவை சனிக்கிழமை காலை. அதே சனிக்கிழமை காலையை, வாரம் முழுக்க ஓய்வாக இருக்கும் நானூறு பேரும் கேட்பார்கள். கோடையில் மைதானம் காலி. ஆனால் மதியம் இரண்டு மணிக்கு மேல் இடி இடிக்காத நாள் குறைவு. சைரன் ஊதினால் பாதியில் ஓடி வர வேண்டும். எனக்குப் பிடித்த காலம் என்னவோ கோடைதான். காலை ஏழு மணிக்குத் தனியாக ஒன்பது ஹோல் ஆடிவிட்டு எட்டே முக்காலுக்கு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். சுற்றுவட்டாரக் கிளப்புகள் ஒன்றுக்கொன்று கதவைத் திறந்துவிடும் காலமும் அதுதான். சாதாரண நாளில் எட்டிக்கூடப் பார்க்க முடியாத மைதானங்களில் சொற்பக் கட்டணத்தில் ஆடியிருக்கிறேன். இதைப் பற்றி மட்டும் எனக்குக் குறை எதுவும் இல்லை.

2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் இந்தக் கரையில் ஏறியது. கடலோரத்தில் நடந்ததைப் பார்த்தால் எங்களுக்கு ஒன்றுமே இல்லை. கூரை தப்பியது, ஆட்கள் தப்பினோம். மைதானத்தில் மரங்கள் வேரோடு கிடந்தன. ஃபேர்வே குளமாகி, குளம் எது மைதானம் எது என்று தெரியவில்லை. பல வாரம் ஆட்டம் இல்லை. மறு ஆண்டு, சீரமைப்போடு சேர்த்து க்ரீன்களையும் புதிதாகப் போடலாம் என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். அதிகம் ஆடாதவர்கள் எதிர்த்தோம், தோற்றோம். வீட்டுக்கு ஐயாயிரத்துச் சொச்சம் டாலர் சிறப்பு வசூல். கோபம் வந்தது. பிறகு கணக்குப் பார்த்ததில், தவறு எங்களுடையதுதான் என்று தெரிந்தது. கோல்ஃப் மைதானமும் வீட்டு மோட்டார் போலத் தேய்கிற பொருள். பங்கர் எனப்படும் மணல் பள்ளத்தின் மணலுக்கு 5 முதல் 7 வருடம், பம்ப் நிலையத்துக்கு 15 முதல் 20, க்ரீனுக்கு 15 முதல் 30 என்று அந்தத் தொழிலில் ஆயுள் கணக்கே உண்டு. எங்கள் மைதானத்துக்கு அப்போதே வயது இருபதைத் தாண்டியிருந்தது. வாங்கும்போது ரிசர்வ் ஸ்டடி என்ற அறிக்கையைக் கேட்டிருந்தால், எது எப்போது போகும், அதற்கு எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று இரண்டு பக்கத்தில் தெரிந்திருக்கும். நாங்கள் கேட்டது நீச்சல் குளம் சூடேற்றப்படுமா என்று.

மனைவி கோல்ஃப் ஆடுவதில்லை. சிறிய டென்னிஸ் போன்ற பிக்கிள்பால் ஆடுகிறார், அங்கேதான் அவருக்கு நட்பெல்லாம். இப்போது அந்த 'டக் டக்' சத்தத்துக்கு எதிராகக் கையெழுத்து வேட்டை நடக்கிறது; கோல்ஃப் சண்டைகளெல்லாம் அதற்கு முன்னால் தூசு. 2025 மே மாதம் அவர் ஒரு செய்தியைக் காட்டினார். மினசோட்டா, விஸ்கான்சின் பகுதியில் நடந்த ஆய்வு: கோல்ஃப் மைதானத்துக்கு ஒரு மைலுக்குள் வசிப்பவர்களுக்கு, ஆறு மைலுக்கு அப்பால் வசிப்பவர்களைவிடப் பார்க்கின்சன் நோய்க்கான வாய்ப்பு விகிதம் 126 சதவீதம் அதிகம் என்றது. பூச்சிமருந்து நிலத்தடி நீரில் கலப்பது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். மருந்தின் அளவை அவர்கள் நேரடியாக அளக்கவில்லை, தொடர்பைத்தான் காட்டினார்கள். எங்களுக்கு வருவது நகராட்சிக் குடிநீர். இருந்தாலும் அடுத்த கூட்டத்தில் மருந்துத் தெளிப்புப் பட்டியலைக் கேட்டேன், கொடுத்தார்கள். இப்போது தெளிக்கும் நாளில் ஜன்னலைத் திறப்பதில்லை. மனம் முழுதாகச் சமாதானமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

வாடகைக்கு விட நினைப்பவர்களுக்கு ஒரு வரி: வாடகைக்காரர் பெயருக்கு மெம்பர்ஷிப்பை மாற்றினால், அது முடியும்வரை நீங்கள் ஆட முடியாது. கட்டணம் மட்டும் உங்கள் பெயரில்தான்.

போன பிப்ரவரியில் டாம்பாவிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். எங்கள் வரிசையிலேயே நான்கு வீடு தள்ளி ஒன்று விற்பனைக்கு இருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னதே நான்தான். பின்திண்ணையில் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள் என்றேன். அம்மாவும் இருந்தார், இது மூன்றாவது வரவு. அவர் நாற்காலியைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எங்கே உட்கார்ந்தால் பந்து படாது என்று அவருக்கு இப்போது அத்துப்படி. நான் சிடிடி, ரிசர்வ் ஸ்டடி, ஸ்லைஸ் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கணவர் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். அவர் மனைவி எழுந்து போய் வலைக்கதவருகே நின்றார். குளத்தின் கரையில் அந்தக் கொக்கு, அல்லது அதன் பிள்ளை.

கூரையில் ஏதோ விழுந்து உருண்டது.

"மூணு" என்றார் அம்மா.

அந்தப் பெண் திரும்பவில்லை.