முதற் கமரா: புதிய 1500டியா, பாவித்த டி7000ஆ, 700டியா?

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் கமரா வாங்கித் தருகிறேன் என்று அக்காவின் மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கடைசிப் பாடம் எழுதி மூன்றாம் நாளே வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு கொப்பி. அதில் ஏழெட்டுக் கமராக்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே எத்தனை மெகாபிக்சல் என்ற கணக்கு. ஐந்தாறு கமராக்களுக்கு நேரே 24 என்றே எழுதியிருந்தாள். "எல்லாம் ஒண்டுதானே மாமா, பிறகு ஏன் விலை மட்டும் இப்பிடி வித்தியாசம்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அந்தக் கொப்பியை மூடி வைத்துவிட்டு, அவள் எதைப் படம் எடுக்கப் போகிறாள் என்பதிலிருந்து தொடங்கினோம். அவர்களுடைய ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குப் பக்கம். அவளுடைய அப்பப்பா கூத்துப் பழக்குகிற அண்ணாவியார். ஆகவே முதலாவது, இரவுக் கூத்து. இரண்டாவது, வெள்ளாப்பில் வாவியில் தோணிகளும் வீச்சு வலையும். மூன்றாவது, பறவைகள், வசதி கிடைத்தால் குமண வரைக்கும் போகவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. இந்த மூன்று வேலைகளையும் வைத்துத்தான் ஒவ்வொரு கமராவையும் பார்த்தோம். விலைகளை இங்கே எழுதவில்லை. டொலரோடு சேர்ந்து கிழமைக்குக் கிழமை ஏறி இறங்குகிற இலக்கத்தை எழுதி யாருக்கும் பயனில்லை.

களரியில் கிட் லென்ஸ் ஏன் போதாது

மற்ற இரண்டையும் விடக் கூத்துக்குத்தான் கூடுதலாக யோசிக்க வேண்டியிருந்தது. கூத்து ஆடுகிற வட்டக்களரியைச் சுற்றி நாலைந்து டியூப் லைட், இப்போது சில இடங்களில் எல்இடி. ஆட்டக்காரர் சுழன்று சுழன்று ஆடுகிறார். ஃபோன் இருட்டில் எடுக்கும்போது பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குகிறது. சும்மா நிற்கிற கோயில் கோபுரத்துக்கு அது அருமையாக வேலை செய்யும். ஆடுகிற காலுக்கு வேலை செய்யாது. ஃபிளாஷ் அடித்தால் முடியிலும் உடுப்பிலும் இருக்கிற கண்ணாடிச் சில்லுகள் எல்லாம் வெள்ளைப் பொட்டாகிவிடும். ஆடுகிறவரின் கண்ணும் கூசும். அவருடைய பாட்டும் தாளமும் குழம்புகிற மாதிரி ஒரு காரியத்தை நாம் செய்யக்கூடாது.

மிச்சம் இருப்பது லென்ஸ்தான். கமராவோடு வருகிற 18-55 கிட் லென்ஸை முழுதாக ஸூம் செய்தால் அதன் வாய் எஃப்/5.6 அளவுதான் திறக்கும் (இந்த எண் கூடக்கூட வாய் ஒடுங்கும்). 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது கிட் லென்ஸுக்கு ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 6400 தேவைப்படுகிற இடத்தில் இதற்கு 640 காணும். 6400இல் வேர்வை படிந்த முகம் மணல் அள்ளிப் போட்டதுபோல இருக்கும். 640இல் தோலின் நிறம் நிறமாகவே இருக்கும். எந்தப் பாடி (லென்ஸ் இல்லாத கமரா) வாங்கினாலும் இந்த வித்தியாசத்தை அது தனியாகத் தராது. அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: முதலில் எஃப்/1.8 லென்ஸுக்குக் காசை ஒதுக்குவது, மிச்சக் காசுக்கு எந்தப் பாடி வருகிறதோ அதை வாங்குவது.

புதிதாக வாங்கினால்

கெனன் 1500டி. சில கடைகளில் 2000டி என்ற பெயரில் இருக்கும், கமரா ஒன்றுதான். 2018இல் வந்தது. 24.1 மெகாபிக்சல், வைஃபை உண்டு. ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான், ஏனென்றால் பெட்டி பிரிக்காமல் வாரண்டியோடு கிடைக்கும். பகல் வெளிச்சத்தில் நல்ல படம் தரும். ஆனால் ஃபோக்கஸ் புள்ளிகள் 9தான், அதிலும் நடுவில் இருக்கிற ஒன்று மட்டுமே இரண்டு திசையிலும் கோடு பிடிக்கிற குறுக்குப் புள்ளி. மங்கல் வெளிச்சத்தில் ஓரப் புள்ளியை வைத்து ஆட்டக்காரரின் முகத்தைப் பிடிக்கப் போனால் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். செக்கனுக்கு 3 படம். வீச்சு வலை விரிகிற கணத்துக்கு அது மிகவும் குறைவு. திரையைத் திருப்பவும் முடியாது, தொட்டு இயக்கவும் முடியாது. இன்னொன்றையும் கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்: இந்த மொடலின் பல பாடிகளில் ஃபிளாஷ் பூட்டுகிற இடத்தின் நடுப் பின் இல்லை. பின்னாளில் மலிவான சாதாரண ஃபிளாஷோ ட்ரிகரோ வாங்கிப் பூட்டினால் அது எரியாது. சாமத்திய வீடு, கல்யாண வீடு என்று சின்னதாக உழைக்க நினைக்கிற பிள்ளைக்கு இது பெரிய குறை.

நிக்கொன் டி3500உம் 2018 கமராதான், என் கண்ணுக்கு 1500டியை விட ஒரு படி மேல். ஒரு சார்ஜில் 1550 படம் என்பது நிக்கொனின் கணக்கு. 1500டிக்குக் கெனன் சொல்வது 500. விடிய விடிய நடக்கிற கூத்துக்கு அது எவ்வளவு நிம்மதி என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் நிக்கொன் இப்போது இதைத் தயாரிப்பதில்லை. புதியது என்று எங்காவது கிடைத்தால் எவ்வளவு காலம் கடையில் கிடந்தது என்று கேளுங்கள்.

கெனன் ஆர்100 வேண்டாம். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகை) என்ற பெயர் இருக்கிறதே தவிர, தொடுதிரைகூட இல்லை. இன்னும் கொஞ்சக் காலம் சேமித்து ஆர்50க்குப் போகலாம்.

ஆர்50 உண்மையிலேயே நல்ல கமரா. 2023இல் வந்தது. முகத்தையும் கண்ணையும் தானாகக் கண்டுபிடித்து, ஆள் சுழன்றாலும் விடாமல் தொடரும். பறவையின் கண்ணையும் பிடிக்கும். செக்கனுக்கு 12 படம். பற்றரியோடு சேர்த்து 375 கிராம்தான். காசு இருக்கிறவர்களிடம் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். எங்களுடைய சிக்கல் வேறு. இதோடு வருகிற 18-45 லென்ஸ் ஸூம் செய்ததும் எஃப்/6.3க்குப் போய்விடும், களரிக்கு அது இன்னும் மோசம். ஆர்எஃப் 50 எஃப்/1.8 தனியாக வாங்கவேண்டும், பறவைக்கு இன்னொரு லென்ஸ் வேண்டும். மூன்றையும் கூட்டிப் பார்த்தபோது எங்கள் கையில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு வந்தது. பாடியை மட்டும் வாங்கிவிட்டு லென்ஸுக்கு ஒரு வருடம் காத்திருப்பதை அவள் விரும்பவில்லை. நானும் விரும்பவில்லை.

பாவித்ததில் வந்து நின்ற இரண்டு

பாவித்த கமரா என்றதும் அக்கா முகம் சுளித்தார். அவருடைய பயம் நியாயமானது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் கடையில் புதிதாக இருக்கிற தொடக்க நிலைக் கமராவை விட, பத்து வருடத்துக்கு முந்திய நடுத்தரக் கமரா பல வேலைகளில் மேல். சோனி ஏ6000ஐயும் பார்த்தோம். செக்கனுக்கு 11 படம் எடுக்கும், கைக்கு அடக்கமானது. ஆனால் பற்றரி சீக்கிரம் இறங்கிவிடும், அதற்கேற்ற லென்ஸ்களும் எங்கள் பக்கம் பாவித்த நிலையில் அகப்படவில்லை. அதனால் அதை விட்டுவிட்டோம்.

கடைசியில் கெனன் 700டியும் நிக்கொன் டி7000உம்தான் நேருக்கு நேர் நின்றன.

700டி 2013இல் வந்தது, 18 மெகாபிக்சல். 9 புள்ளிகளும் குறுக்குப் புள்ளிகள். திரை வெளியே விரிந்து திரும்பும், தொட்டாலே ஃபோக்கஸ் ஆகும். தோணியின் விளிம்போடு ஒட்டி, தண்ணீர் மட்டத்திலிருந்து எடுக்க இதைப்போல வசதி வேறில்லை. மைக் செருகவும் இடம் உண்டு. கெனன் 50 எஃப்/1.8 எஸ்டிஎம், பறவைக்கு 55-250 எஸ்டிஎம் என்று அருமையான இரண்டு மலிவு லென்ஸ்கள் இதற்கு இருக்கின்றன. மட்டக்களப்பில் கல்யாணப் படம் எடுக்கிற எனக்குத் தெரிந்தவர்களில் பாதிக்கு மேல் கெனன்காரர்கள். அவசரத்துக்கு ஒரு லென்ஸ் இரவல் வாங்கலாம்.

டி7000 அதைவிடப் பழையது, 2010. 16.2 மெகாபிக்சல் என்றதும் மருமகளுக்கு முகம் வாடிவிட்டது. நான் இரண்டு கமராக்களின் படங்களையும் கணினியில் போட்டுக் காட்டினேன். படுவான்கரையில் நின்று வெள்ளாப்பில் எடுத்த படங்கள். சூரியன் வாவிக்கு அப்பால் எழுவான்கரைத் தென்னைகளுக்குப் பின்னால் எழும்புகிறது, முன்னால் தோணிக்காரர் கறுத்து நிற்கிறார். வானத்தின் வெளிச்சத்துக்கு அளவு வைத்து, RAW என்கிற பதப்படுத்தாத கோப்பாக எடுத்து, கறுத்த பகுதியைப் பிறகு வெளிச்சமாக்கினால் 700டியில் இருளுக்குள்ளிருந்து புள்ளியும் கோடும் கிளம்புகிறது. டி7000இல் தோணிக்காரரின் சாறனில் உள்ள கட்டம் தெளிவாக வருகிறது. எங்கள் வாழ்க்கை முழுக்கச் சூரியனுக்கு எதிரே தண்ணீரோடு நடக்கிறது. அதனால் எனக்கு இது மெகாபிக்சலை விடப் பெரிய விசயம்.

இன்னும் இருக்கிறது. 39 ஃபோக்கஸ் புள்ளிகள், செக்கனுக்கு 6 படம், இரண்டு கார்ட் போடலாம், ஈரமும் தூசியும் எளிதில் புகாதபடி அடைத்த பாடி. பாடிக்குள்ளேயே ஃபோக்கஸ் மோட்டார் இருப்பதால் பழைய ஏஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸ் இதில் தானாக ஃபோக்கஸ் ஆகும். அதே லென்ஸை டி3500இல் பூட்டினால் கையால்தான் திருப்பவேண்டும். மறுபக்கம், ஏஎஃப்-பி என்று எழுதிய புதிய நிக்கொன் லென்ஸ்கள் டி7000இல் ஃபோக்கஸ் ஆகாது. விற்பவர் சொல்லமாட்டார், நீங்கள்தான் லென்ஸின் மேல் எழுத்தைப் பார்க்கவேண்டும். ஏஎஃப்-எஸ் என்றால் பயமில்லை. குறைகளும் உண்டு. பற்றரியோடு 780 கிராம், கழுத்து வலிக்கும். திரையைப் பார்த்து எடுத்தால் ஃபோக்கஸ் மெதுவாகத்தான் வரும். வீடியோவும் எடுக்கவேண்டும் என்றால் நான் 700டியைத்தான் சொல்வேன்.

பறவைக்கு மட்டும் என்றால் நிக்கொன் பி950 என்று அவளுடைய கொப்பியில் ஒரு பெயர் இருந்தது. 2000 மி.மீ. வரை இழுக்கும், மே, ஜூனில் குமண வில்லில் (சதுப்புக் குளத்தில்) கூடு கட்டியிருக்கிற மஞ்சள் மூக்கு நாரையின் கண் வரைக்கும் போகலாம். ஆனால் அதன் சென்சர் டி7000இன் சென்சரில் பதின்மூன்றில் ஒரு பங்குதான். வெயிலில் சரி, களரியில் ஒன்றும் செய்யாது.

அக்காவின் பயம்

சில வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு கடையில் பாவித்த ஸூம் லென்ஸ் ஒன்று வாங்கினேன். கடை வெளிச்சத்தில் கண்ணாடிபோல மினுங்கியது. வீட்டுக்கு வந்து டோர்ச் அடித்தால் உள்ளே சிலந்தி வலைபோலப் பூஞ்சை. திருப்பி எடுக்கமாட்டேன் என்றுவிட்டார்கள். அக்காவுக்கு அந்தக் கதை நன்றாக நினைவிருக்கிறது. ஆகவே இந்தமுறை டோர்ச்சோடுதான் போனோம். லென்ஸின் பின்பக்கமிருந்து டோர்ச் அடித்து முன்பக்கமாகப் பார்க்கவேண்டும். எஃப்/16 வைத்து வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சரில் உள்ள தூசியும் கறையும் தெரியும். பற்றரிக் கதவுக்குள்ளும் ஃபிளாஷ் பூட்டுகிற இடத்திலும் துரு இருந்தால் அந்தக் கமரா கடற்கரையில் வேலை செய்தது, விட்டுவிடுங்கள். ஷட்டர் எத்தனை தடவை அடித்தது என்பதை நிக்கொன் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும். டி7000இன் ஷட்டர் 150,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. 700டியில் இந்த எண் கோப்பில் வராது. கணினியோடு வயரில் இணைத்து ஒரு சிறு மென்பொருளால் பார்க்கவேண்டும். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் நான் வாங்கமாட்டேன்.

நாங்கள் எடுத்தது 41,000 அடித்த ஒரு டி7000, 50 மி.மீ. எஃப்/1.8டி, அதோடு ஏஎஃப்-எஸ் 55-200. கையில் இருந்த காசுக்குள் முடிந்தது. மிச்சத்தில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, சிலிக்கா ஜெல் ஒரு கிலோ, ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கினோம். மாரி மழைக் காலத்தில் தோல் பைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டுவதுதான் இங்கே லென்ஸ்களைக் கொல்கிறது. மீட்டர் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கவேண்டும்.

முதற் கூத்துக்குப் போகும்போது ஷட்டரை 100இல் ஒரு பங்கு செக்கனில் வை என்றேன். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டின் துடிப்பு அந்த அளவில் படத்தில் பட்டையாக விழாது. எஃப்/2, ஐஎஸ்ஓ 1600. விடியப்புறம் நாலு மணிக்கு அவளுடைய அப்பப்பா மத்தளத்தை மடியில் சாய்த்து வைத்துத் தேத்தண்ணி குடிக்கிற படம் ஒன்று எடுத்திருக்கிறாள். கண் இமை ஒவ்வொன்றாகத் தெரிகிறது.